பத்தடிக்குப் பன்னிரண்டடி

கணினித் திரையில் ஒரு நகரத்தை எழுப்புவது இன்று மாணவருக்குக் கைவந்த விளையாட்டாகிவிட்டது. மெய்நிகர் உலகு என வழங்கும் அவ்வுலகிற் கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, கொத்தனாரும் இல்லை. ஆயினும் அங்கும் கட்டடக்கலை என ஒன்று உண்டு. அதற்கென ஓர் இலக்கணமும் உண்டு. ஒரு சுவர்த் துண்டு, ஒரு கதவுத் துண்டு, ஒரு மூலைத் துண்டு, ஒரு படிக்கட்டு என்பவற்றைக் குறித்த அளவிற் செய்து, கட்டம் போட்ட தளத்தில் ஒன்றோடொன்று பொருந்தும்படி அடுக்கினால் நூறு மாளிகைகளும் எழும், நூறு குகைகளும் எழும். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்கைரிம் என்னும் கணினி விளையாட்டின் நூற்றுக்கணக்கான நிலவறைகள் இம்முறையாலேயே மிகச் சிலரின் உழைப்பிற் கட்டப்பட்டன. இதனை அலகு முறை எனலாம்.

இம்முறையின் நோக்கம் அழகன்று, சிக்கனம். பொறி தன் நினைவில் ஒரு சுவரை மட்டுமே வைத்துக்கொண்டு அதனை ஆயிரம் இடங்களிற் காட்டுகின்றது. ஆயிரஞ் சுவர்களை வரைவதற்கு ஆயிரம் ஓவியர்க்குச் சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு குறையுண்டு என்பதை அத்துறையினரே ஒப்புக்கொள்கின்றனர். ஒரே தூணையும் ஒரே வளைவையும் திரும்பத் திரும்பக் காணும் ஆட்டக்காரனின் கண் சலித்துப்போகின்றது. அச்சலிப்பைப் போக்குவதற்கு அவர்கள் அரும்பாடு படுகின்றனர். ஒரு துண்டைத் திருப்பி வைக்கின்றனர், விளக்கொளியை மாற்றுகின்றனர், சுவரிற் கொடி படரவிடுகின்றனர்.

ஒரு சில மணிநேரம் விளையாடுபவனின் கண்ணுக்கு இத்துணை இரக்கம் காட்டப்படுகின்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே அச்சில் வார்த்த அறையிற் பிறந்து, மணந்து, மடிந்த மக்களின் கண்ணைப் பற்றி எவர் சிந்தித்தார் என்பதே நமது வினா.

அலகு முறை கணினியோடு பிறந்ததன்று. 1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நடந்த பெருங் கண்காட்சிக்கென யோசேப் பாக்ஸ்டன் அமைத்த பளிங்கு மாளிகையை எடுத்துக்கொள்வோம். 24 அடிக் கட்டத்தில் நிறுத்திய இரும்புத் தூண்களும், ஒரே அளவில் வெட்டிய கண்ணாடித் தகடுகளுமாக அம்மாளிகை ஓராண்டுக்குள் எழுந்தது. கண்காட்சி முடிந்ததும் அதனைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சிடனம் என்னுமிடத்தில் மீண்டும் பூட்டினார்கள். யந்திர யுகத்தின் வெற்றி எனப் புகழப்பட்ட இக்கட்டடம் 1936இல் தீக்கு இரையாகும்வரை நின்றது.

பளிங்கு மாளிகை எழுந்த அதே காலத்தில், அதே பேரரசின் மற்றொரு மூலையில், வேறோர் அலகும் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த தமிழகத்துத் தொழிலாளர்க்கெனக் கோப்பித் துரைமார் கட்டிய வரிசை வீடே அது. லைன் என்ற ஆங்கிலச் சொல் மலையகத்தில் லயம் எனத் தமிழாயிற்று; இசையின் லயத்துக்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா. முன்னால் ஒடுங்கிய ஒரு விறாந்தை. அடுத்த காம்பராவுக்கும் இதற்கும் பொதுவான ஒரு சுவர். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரு வரிசை. செலவை மேலும் குறைக்க விரும்பிய தோட்டங்களில் இரண்டு வரிசைகளை முதுகோடு முதுகாக ஒட்டிவைத்தனர். அப்போது பின்சுவரிற் சன்னலுக்கும் இடமில்லாது போயிற்று. சமைப்பதும் அங்கே, உறங்குவதும் அங்கே, பிள்ளை பெறுவதும் அங்கே. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறியபோதும் அறையின் அளவு மாறவில்லை.

ஏன் மாறவில்லை? அது மனிதனின் உடலையோ குடும்பத்தையோ அளந்து வகுத்த அளவன்று. ஒரு தொழிலாளியை மறுநாட் காலைப் பெரட்டுக்கு அனுப்புவதற்கு எவ்வளவு இடம் போதும் என்று அளந்து வகுத்த அளவு அது. உழைப்பின் விலை குறைவாக இருக்கும்வரை உழைப்பவனின் கூரையும் தாழ்வாகவே இருக்கும்.

இனி மலையிலிருந்து இறங்கிக் கொழும்புக்கு வருவோம்.

1875ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அப்பணி நிறைவெய்தியது. சுயஸ் கால்வாய் திறந்து ஆண்டுகள் சில கழிந்திருந்த வேளையது. கீழ்த்திசை செல்லும் கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்பிற் கரி ஏற்றத் தொடங்கின. கரி சுமப்பதற்கும், மூடை இறக்குவதற்கும், வத்தை வலிப்பதற்கும் ஆள் வேண்டும். தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும், இந்நாட்டின் தென்மேற்குக் கிராமங்களிலிருந்தும் அவர்கள் வந்தனர்.

அவர்கள் வந்து சேர்ந்த கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் அதுவரை செல்வர்களின் வாழிடங்களாக இருந்தவை. வெள்ளைக்கார வணிகரும் உள்நாட்டுப் பிரபுக்களும் அகன்ற வளவுகளில், கடற்காற்று வீசும் பெரிய வீடுகளைக் கட்டியிருந்தனர். துறைமுகத்தின் கரித்தூளும் இரைச்சலும் வந்ததும் அவர்கள் கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்து சென்றார்கள். ஆனால் நிலத்தை விட்டுச் செல்லவில்லை. மாமரமும் பலாமரமும் நின்ற வளவுகளில் வரிசை வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டனர். மலையில் துரைமார் செய்ததையே நகரில் வீட்டுச் சொந்தக்காரர் செய்தனர். ஒரு வேறுபாடு உண்டு. மலையில் அறை கூலியின் ஒரு பகுதியாகக் கொடுக்கப்பட்டது. கொழும்பில் அதே அறை கூலியின் ஒரு பகுதியைப் பறித்துக்கொண்டது.

இவ்வறை வரிசைகளுக்குத் தோட்டம் என்று பெயர். சிங்கள மக்கள் வத்தை என்பர். மரம் போயிற்று, பெயர் நின்றது. தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவனும் தோட்டத்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு புல்லும் முளையாத சந்தில் வாழ்ந்தவனும் தோட்டத்தான். ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை, புளூமெண்டால் வீதி எனச் சுற்றிவருவோர் இத்தகைய தோட்டங்கள் பலவற்றை இன்றும் காணலாம். வீதியோரத்தில் ஒரு கடை. அதன் அருகே இருவர் ஒருங்கே நுழைய முடியாத ஓர் ஒழுங்கை. உள்ளே எதிரெதிராக இரு வரிசை அறைகள். நடுவில் ஒரு பொதுக்குழாய். கோடியிற் பொது மலகூடம். தேர்போன்ற கருங்கற் கோயிலைப் பொன்னம்பலவாணேசர்க்கு இராமநாதன் எடுப்பித்ததும், சென் லூசியாத் தேவாலயத்தின் மாபெருங் குவிமாடம் வானை அளந்ததும் இவ்வறை வரிசைகளின் அண்டையிலேதான். கடவுளர்க்குக் கிடைத்த உயரத்தில் ஒரு முழங்கூட அடியார்க்குக் கிடைக்கவில்லை. நகரைத் துப்புரவு செய்த மாநகரசபைத் தொழிலாளரின் நிலை இன்னும் கீழானது. சாதியின் பெயரால் ஊரில் ஒதுக்கப்பட்டு வந்த அவர்கள் இங்கும் ஒதுக்கமான வரிசைகளிலேயே இருத்தப்பட்டனர்.

ஏழைகளின் அறையைப் பற்றி ஆட்சியாளர் கவலைகொள்ளத் தொடங்கியது நோய் வந்தபின்னரே. 1914ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிளேக் நோய் தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. புதிய கட்டடங்களுக்குக் காற்றும் ஒளியும் வேண்டும், வீதிக்கு அகலம் வேண்டும் என்று அது விதித்தது. நல்ல விதிகளே. ஆயினும் எலிக்கு அஞ்சி எழுதிய சட்டத்தில் வாடகைக்கு அஞ்சியவனைப் பற்றி என்ன இருக்கும்?

1921இல் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் கொழும்புக்கென ஒரு நகரத் திட்ட அறிக்கையை எழுதினார். தாவரவியல் கற்றவர், தஞ்சையையும் மதுரையையும் தெருத்தெருவாக நடந்து பார்த்தவர். நெருக்கமான பகுதிகளை முற்றாக இடித்துத் தள்ளுவது மூடத்தனம், நோயுற்ற இடத்தை மட்டும் அளவோடு அறுத்துச் சீராக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அதனைப் பேணற் சத்திரசிகிச்சை என்றார். கிழக்கின் பூங்கா நகரம் என்ற கொழும்பின் கனவுக்கு அவருடைய அறிக்கை ஊட்டமளித்தது. பூங்காக்கள் எப்பகுதியில் வந்தன என்பதை வாசகர் ஊகித்துக்கொள்வர். பின்னர் 1940இல் கிளிபர்ட் ஹொலிடேயும், 1940களின் இறுதியிற் பற்றிக் அபர்குரொம்பியும் திட்டங்கள் வகுத்தனர். கொட்டாஞ்சேனையின் வரிசை அறைகள் இவர்கள் அனைவரையும் கண்டு, இவர்கள் அனைவர்க்கும் பின்னரும் நின்றன.

நகரின் தென்கோடியிலுள்ள வெள்ளவத்தையின் கதை வேறு. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நூல் நூற்கும், துணி நெய்யும் ஆலை இலங்கையிலேயே பெரிய துணி ஆலையாக வளர்ந்தது. 1933இல் அங்கே ஏறத்தாழ 1400 பேர் வேலைசெய்தனர். மூவரில் இருவர் இந்திய வம்சாவளியினர். உலகப் பொருளாதார மந்தத்தைக் காட்டிக் கூலியைக் குறைத்தபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க அவ்வேளை இந்தியத் தொழிலாளர்க்கு எதிரான நிலையெடுத்து, வேலைநிறுத்தத்தை முறியடிக்க முனைந்தார். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் தொழிலாளர் பக்கம் நின்று புதிய சங்கம் அமைத்தனர். இரண்டாண்டுகளின் பின் லங்கா சமசமாஜக் கட்சி பிறப்பதற்கு அப்போராட்டம் ஒரு பயிற்சிக்களமாயிற்று.

கட்டடம் பற்றிய கட்டுரையில் இதனை ஏன் கூறுகின்றேன்? ஒரு துண்டைக் கழற்றி அதனிடத்தில் அதே அளவான வேறொரு துண்டைப் பொருத்தலாம் என்பதே அலகு முறையின் உயிர்நாடி. ஆலை முதலாளியின் கண்ணில் தறியும் அலகு, தறிகாரனும் அலகு. ஒருவன் மறுத்தால் மற்றொருவனைச் செருகலாம்; மலையாளி மறுத்தாற் சிங்களவனைச் செருகலாம். 1933இல் நடந்த இனப்பூசல் இந்தக் கணக்கின் பயனே.

ஆயினும், அலகு என்பதே பகை என்று வாசகர் கொண்டுவிடலாகாது. நம் ஊர்க் கிடுகைப் பாருங்கள். ஓர் ஓலையைப் பின்னிய ஒரே அளவுத் துண்டு. அதனால் வேலி அடைக்கலாம், கூரை வேயலாம், மால் போடலாம். பழுதானதை மட்டும் கழற்றிப் புதியதைக் கட்டலாம். யாழ்ப்பாணத்துக் குடியானவன் கட்டடக்கலைஞன் எவனிடமும் கேளாமல் தன் தேவைக்கு ஏற்ப அடுக்கிக்கொண்ட அலகு அது. சோவியத் நாட்டில் 1957ஆம் ஆண்டு வீடமைப்புத் தீர்மானத்தின் பின் தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளால் எழுந்த ஐந்து மாடி வீடுகளை அழகற்றவை என்று மேனாட்டார் எள்ளினர். சமையலறை சிறிது, கூரை தாழ்வு என்பன மெய்யே. ஆனாற் பல குடும்பங்கள் ஒரே அடுக்களையைப் பகிர்ந்த பொதுக் குடியிருப்புகளிலிருந்து கோடிக்கணக்கானோர் தமக்கென ஒரு கதவுள்ள வீட்டுக்குப் போனதும் மெய்யே. கதவைத் தாழிட உரிமை பெற்றவனிடம் கூரையின் அழகைப் பற்றிப் பேசுவதற்குமுன் சற்று நிதானிக்கவேண்டும்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கண்டியிற் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணையுறுப்பினராகிய முதல் ஆசியப் பெண்மணி. 1950களின் பிற்பாதியில் வட்டபுலுவையில் அரசாங்க ஊழியர்க்கெனச் சுமார் 250 வீடுகள் கொண்ட திட்டத்தை அவர் வகுத்தார். வரைபலகையின் முன் அமருவதற்கு முன்னர், குடிவரப்போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்துக்களைக் கொடுத்தார்; அவர்களைச் சந்தித்துப் பேசினார். எத்தனை பேர், என்ன வருவாய், சமையல் எவ்வாறு, வழிபாடு எங்கே என்று கேட்டறிந்தார். அவ்விடைகளிலிருந்து சில மாதிரி வீடுகளை வகுத்து, அவற்றைச் சாய்ந்த நிலத்தில் மரங்களுக்கிடையே கலந்து வைத்தார். மாதிரி உண்டு, அலகு உண்டு. ஆனால் வாழ்பவனின் வாயிலிருந்து பிறந்த அலகு. ஊழியர் வர்க்கத்துக்குக் கிடைத்த இந்த மதிப்பு ஏன் துறைமுகத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை என்பது தனி வினா.

கொட்டாஞ்சேனைத் தோட்டங்களின் வரலாற்றில் உண்மையான திருப்பம் 1973இல் வந்தது. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பீற்றர் கெனமன். அவர் கொணர்ந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்தது. மிகையானவை வாடகைக்கு இருந்தோர் வாங்கும்படியோ அரசு பொறுப்பேற்கும்படியோ ஆயின. தோட்டத்து அறையில் தலைமுறைகளாக வாடகை செலுத்திவந்தவன் அவ்வறைக்கு உரியவனானான். பொதுக்குழாயும் ஒழுங்கையும் மலகூடமும் எவர் பொறுப்பு என்பதற்கென அதே ஆண்டிற் பொது வசதிகள் சபைச் சட்டமும் வந்தது.

சட்டத்தின் குறைகளைப் பலர் எழுதியுள்ளனர். அவற்றை மீண்டும் அடுக்கவேண்டியதில்லை. நான் சுட்ட விழைவது வேறு. அறை தனதானதும் மனிதன் முதலிற் செய்தது அதன் அச்சை உடைத்ததேயாகும். ஒருவன் பலகைத் தட்டுப் போட்டு மேலே ஓர் அறை எடுத்தான். மற்றொருவன் விறாந்தையை மூடி அடுப்படியாக்கினான். ஒருத்தி முன்சுவரில் சன்னல் வெட்டிப் பெட்டிக்கடை வைத்தாள். ஒரே வரிசையில் நின்ற பன்னிரண்டு அறைகள் பன்னிரண்டு முகம் கொண்டன. நகரத் திட்டக்காரர் இதனை ஒழுங்கீனம் என்கின்றனர்.

1978இல் தொடங்கிய இலட்சம் வீட்டுத் திட்டம் அரசு வரைந்த மாதிரிகளைத் தானே கட்டிக் கொடுப்பதாக இருந்தது. செலவு மீறியது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வேறு வழி சென்றது: அரசு சிறு கடனும் நிலமும் நீரும் வழங்கும், வீட்டை மக்கள் கட்டுவர். 1980 யூலை வேலைநிறுத்தத்திற் பல்லாயிரக்கணக்கான ஊழியர்களை வீதிக்கு அனுப்பிய அதே ஆட்சியின் திட்டம் இது. மக்கள்மீது கொண்ட அன்பினாற் பிறந்தது என்பதற்கில்லை. செலவைக் குறைக்கவே பொறுப்பை இறக்கிவைத்தனர். எனினும் கொழும்பின் நவகம்புரவிற் செயல்முறை எதிர்பாராத பலனைத் தந்தது. இரண்டு பேர்ச் நிலத் துண்டுகளை எவ்வாறு வகுப்பது, பொதுச் சுவரை எவர் எழுப்புவது, என் கூரையின் மழைநீர் உன் முற்றத்தில் விழலாமா, என் சன்னல் உன் அடுப்படியை நோக்கலாமா என்பவற்றை அங்கு வாழ்ந்தோர் கூட்டங்கூடித் தாமே விதிகளாக வகுத்தனர். பொறியியலாளர் அருகிருந்து அறிவுரை கூறினர்.

இதே முறை கணினிக்கும் பிறகு வந்து சேர்ந்தது. 2012இல் ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு நிறுவனம், மைன்கிராப்ட் என்னும் கட்டை அடுக்கும் விளையாட்டை உருவாக்கியவர்களுடன் சேர்ந்து, நைரோபியின் கிபேரா போன்ற சேரிகளின் இளைஞரைத் தம் பொதுவெளியைத் தாமே திரையில் அமைக்கச் செய்தது. வரைபடம் படிக்கத் தெரியாதவரும் கட்டைகளை நகர்த்தித் தம் கருத்தைக் காட்டமுடிந்தது. நவகம்புரவில் மண்ணிற் கோடு கிழித்து நடந்ததே இதுவும்.

வெள்ளவத்தையில் அலகு வேறோர் உருவெடுத்தது. 1983 யூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தனர். தனி வீட்டின் முன்வாயில் எத்துணை ஆபத்தானது என்பதைத் தமிழர் அன்று கற்றனர். அதன் பின், சிறப்பாக 1990களில், போரினால் வடக்கிலிருந்து பெயர்ந்தோரும் வெளிநாட்டுப் பணமும் வந்துசேர, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுக்கு வீதிகளிற் பழைய வளவுகள் உடைபட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. ஒரே தளப்படம் ஆறேழு முறை மேலே மேலே அடுக்கப்பட்டது. அங்கு இலாபமும் உண்டு, அச்சமும் உண்டு. பலர் நடுவே ஒருவராயிருப்பது அரணெனத் தோன்றிற்று.

மாடிவீட்டுக்கு வசதியற்றோர் லொட்ஜில் தங்கினர். கட்டில் ஒன்று, கதவு ஒன்று, நாள்வாடகை. வெளிநாடு செல்லவோ, மருத்துவத்துக்கோ, வேலைதேடியோ வந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தகைய அறைகளில் மாதக்கணக்காகக் காத்திருந்தனர். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் விடியற்காலையிற் பொலிசார் லொட்ஜுகளுக்குள் நுழைந்து 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அகற்றினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அச்செயலை இடைநிறுத்தியது. எண்ணிடப்பட்ட அறைகள், பதிவேட்டில் எண்ணிடப்பட்ட மனிதர். பொலிசாருக்கு வேலை எளிதாக இருந்திருக்கும்.

போர் முடிந்தபின் நகரை அழகுபடுத்தும் காலம் பிறந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்திற் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் மக்கள் குடியிருந்த வீடுகள் இராணுவப் பாதுகாப்போடு இடிக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டையொட்டி எடுத்த கணக்கெடுப்புக் கொழும்பில் 1614 குறைவசதிக் குடியிருப்புகளில் 77,612 குடும்பங்கள் வாழ்வதாகக் கூறியது. நகரின் பாதி மக்கள் என்று பொருள். அதிகாரசபையின் கணக்கில் இது 900 ஏக்கர் நிலமாகத் தோன்றிற்று. 68,812 குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு ஏற்றினால் அந்நிலம் விடுபடும். முன்மாதிரியும் இருந்தது: 2001இல் எழுந்த அடுக்குமாடியான சகஸ்புர, 671 வீடுகள்.

வனாத்தமுல்லையிலும் பிற இடங்களிலும் எழுந்த புதிய கோபுரங்களில் வீடு ஒன்று ஏறத்தாழ 400 சதுர அடி. 120 சதுர அடி லயத்தோடு ஒப்பிட்டால் மும்மடங்குக்கு மேல். தனிக் குழாயும் தனிக் கழிவறையும் உண்டு. இதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் இடிக்கப்பட்டது லயம் மட்டுமன்று. நாற்பதாண்டுகளில் மக்கள் தம் கையால் மாடியெடுத்து விரித்த வீடுகளும் இடிக்கப்பட்டன. முன்னைய வீட்டின் பரப்பு எதுவாயினும், அதில் எத்தனை குடும்பங்கள் வாழ்ந்திருப்பினும், பெரும்பாலும் கிடைத்தது அதே ஓர் அலகே. அதற்கும் தவணைப்பணம் கட்டவேண்டும். அந்த 400 சதுர அடியில் சன்னல் வெட்ட முடியாது, தட்டுப் போட முடியாது, விறாந்தை இல்லை.

வெள்ளவத்தை ஆலை நின்ற 18 ஏக்கர் நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி என்னும் ஆடம்பர மாடித்தொகுதி நிற்கின்றது. இத்தகைய வீடுகள் அத்திவாரம் வெட்டுமுன்னரே கணினியில் வரைந்த படங்களைக் காட்டி விற்கப்படுவது இக்கால வழக்கம். வாங்குபவர் திரையில் அறைக்குள் நடந்து பார்க்கலாம். சுவரின் நிறத்தையும் தரையின் கல்லையும் தேர்ந்துகொள்ளலாம். வனாத்தமுல்லைக்காரிக்கும் வீடு கணினியிலேயே வரையப்படுகின்றது. அவளுக்கு அத்திரையை எவரும் காட்டுவதில்லை. சீட்டுக் குலுக்கி எந்த மாடி என்று சொல்லிவிடுகின்றனர். தோட்டத்து வாசலில் அடுப்பை வைத்து அதிகாலையில் இடியப்பமும் அப்பமும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களுக்குப் பன்னிரண்டாம் மாடியில் வாடிக்கையாளர் இல்லை. 2015இல் ஆட்சி மாறியது. அதிகாரசபையும் பாதுகாப்பு அமைச்சிலிருந்து விலகியது. கோபுரங்களின் தளப்படம் மாறவில்லை.